மொட்டைக் கடுதாசிக்கு ஜிஎஸ்டி பில்

திண்டுக்கல் நாகல்நகர்ப் பக்கம் ஒரு சந்து முனை. காலை பத்து மணி. இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியில் கரியைப் போட்டு ஊதிக்கொண்டிருப்பார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் பைக்கை ஓரங்கட்டுவார். “அண்ணே, அந்தப் பச்சை கேட்டு வீட்டுப் பையன் எப்படி?” இஸ்திரிக்காரருக்கு அடுத்த கேள்வியே தேவைப்படாது. பொண்ணு வீட்டு ஆள். பையன் நல்லவன் என்றால், “கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்” என்று பதில் வந்துவிடும். இல்லையென்றால், “நமக்கு அவ்வளவாப் பழக்கமில்லைங்க…” என்று ஓர் இழுப்பு. வந்தவர் அந்த இழுப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு சம்பந்தம் நடப்பதற்கும் முறிவதற்கும் இத்தனை காலம் அந்த இழுப்பே போதுமானதாக இருந்தது.

ஹெல்மெட்காரர் இப்போதும் வருகிறார். ஆனால் அவர் பெண்ணின் தாய்மாமனாகவோ சித்தப்பாவாகவோ இருக்க வேண்டியதில்லை. மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஒரு டிடெக்டிவ் ஏஜென்சி அனுப்பிய ஆளாக இருக்கலாம். அவர் நேராகக் கேட்கமாட்டார். “பேங்க் லோன் வெரிஃபிகேஷன்” என்பார். “கூரியர் வந்திருக்கு, சார் எத்தனை மணிக்கு வீட்டுல இருப்பாரு?” என்பார். தாய்மாமன் கேட்டபோது தான் யார் என்பதை மறைக்கவில்லை. கேட்டவருக்கும் ஊர் இருந்தது, சொன்னவருக்கும் ஊர் இருந்தது. தப்பாகச் சொல்லிவிட்டால் நாளைக்கு அதே சந்தில் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற பயம் இரண்டு பக்கமும் இருந்தது. காசுக்கு வேலை செய்கிறவருக்கு அந்தப் பயம் கிடையாது. அதன் இடத்தில் சட்டம் ஏதாவது இருக்க வேண்டும். இந்தியாவில் அப்படி ஒன்று இன்றுவரை இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வயிற்றெரிச்சல்.

துப்பறிவாளரை வைப்பதே தவறு என்று யாரும் சொல்லிவிட முடியாது. தேவை மெய்யானது. பையன் நாகல்நகரில் வளர்ந்திருப்பான். வேலை பெங்களூரில், அறை நண்பர்கள் ஹைதராபாத்காரர்கள், அடுத்த மாதம் துபாய். இஸ்திரிக்காரருக்கு அவனைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தெரியும், அவ்வளவுதான். சம்பந்தமும் தரகர் வழியாக வராமல் மேட்ரிமோனி செயலி வழியாக வருகிறது. அதில் படம் ஐந்து வருடத்துக்கு முந்தையது, சம்பளம் அடுத்த வருடத்துடையது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று பழமொழி வைத்திருக்கும் ஊரில், அந்த ஆயிரத்தில் எது பொய் என்று பெண்ணைப் பெற்றவர் தெரிந்துகொள்ள ஆசைப்படுவதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வெளிநாட்டு மாப்பிள்ளையை நம்பிக் கைவிடப்பட்ட பெண்களின் புகார்களைக் கேட்கவே தேசிய மகளிர் ஆணையம் தனிப் பிரிவு வைத்திருக்கிறது.

கல்யாணத்துக்கு வெளியிலும் வேலை இருக்கிறது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்குக் கணக்காளராக வருகிறவரின் பழைய வேலைச் சான்று உண்மையா என்று பார்க்க வேண்டும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கடனுக்குக் காய் ஏற்றிவிட்ட கமிஷன் கடைக்காரர், கேரளத்தில் கடையை மூடிவிட்டுப் போனவர் எங்கே என்று தேட வேண்டும். விபத்து இழப்பீடு கேட்டு வருகிற மனுவில் வண்டியும் ஆளும் ஒரே இடத்தில்தான் இருந்தார்களா என்று காப்பீட்டு நிறுவனம் விசாரிக்க வேண்டும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் போட்டு எங்கோ செய்த பூட்டை ஒரு கடை விற்றால், சாதாரண வாடிக்கையாளர் போல் போய் ஒன்றை வாங்கி, பில்லும் பூட்டுமாகக் கொண்டுவந்து வக்கீலிடம் கொடுக்க ஒருவர் வேண்டும். இவையெல்லாம் நாணயமான வேலைகள். யாருடைய கதவையும் உடைக்காமல், யாருடைய போனையும் தொடாமல் செய்து முடிக்கக் கூடியவை.

சிக்கல் என்னவென்றால், இந்த வேலையைச் செய்கிறவருக்கும் அடுத்தவர் போனைத் தொடுகிறவருக்கும் ஒரே பெயர்ப் பலகை.

மணிக்கூண்டுப் பக்கம் தள்ளுவண்டியில் பிரியாணி விற்க வேண்டுமானால்கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். மில் வாசலில் நிற்க வாட்ச்மேன் அனுப்பும் நிறுவனத்துக்கு 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமையாளரின் பின்னணியைப் போலீஸ் பார்க்கும், ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தாக வேண்டும். இடிபட்ட காரின் பம்பருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மதிப்பிடும் சர்வேயர், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இல்லாமல் வேலை செய்ய முடியாது. ஒரு பெண் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினாள், யாரோடு காபி குடித்தாள், எந்த டாக்டரைப் பார்த்தாள் என்று பின்தொடர்ந்து எழுதிக் கொடுப்பவருக்கு மட்டும் எதுவும் வேண்டாம். ஒரு கடைப் பதிவு, ஒரு ஜிஎஸ்டி எண், ஒரு விசிட்டிங் கார்டு. பூதக்கண்ணாடி படம் இருந்தால் இன்னும் விசேஷம்.

இதைச் சரிசெய்ய டெல்லி ஒரே ஒருமுறை முயன்றது. தனியார் துப்பறியும் முகமைகளை ஒழுங்குபடுத்தும் மசோதா 2007-இல் மாநிலங்களவையில் வைக்கப்பட்டது. மத்தியிலும் மாநிலங்களிலும் வாரியம், உரிமம் இல்லாமல் தொழில் செய்தால் தண்டனை, தனிமனித அந்தரங்கத்தில் கைவைக்கக் கூடாது என்ற நிபந்தனை எல்லாம் அதில் இருந்தன. மசோதா உள்துறை நிலைக்குழுவுக்குப் போனது. குழு அறிக்கையும் கொடுத்தது. அதன் பிறகு வருடக் கணக்கில் தூங்கிய மசோதாவைக் கடைசியில் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த இடைவெளியில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். உரிமை வந்துவிட்டது. அதை வேவு பார்த்து வயிறு வளர்க்கும் தொழிலுக்கு வேலி வரவில்லை.

தமிழர்களுக்கு டிடெக்டிவ் என்றால் ஒரு பாசம் உண்டு. தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு ஆனந்த விகடனில் அசட்டு அதிர்ஷ்டத்தால் குற்றவாளிகளைப் பிடித்தார். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே பிடித்தார். பிறகு ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா என்று பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைகளில் ஒரு பட்டாளமே தொங்கியது. திண்டுக்கல்லில் பஸ் ஏறி மதுரை போய்ச் சேருவதற்குள் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கதைகளின் பெருந்தன்மை என்னவென்றால், துப்பறிகிறவர் குற்றவாளியைத் தேடினார். நிஜ ஏஜென்சியின் ஃபைலில் இருப்பவர் குற்றம் எதுவும் செய்யாதவர். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண், வேலைக்கு மனுப் போட்ட பையன், புருஷனோடு ஒத்துப்போகாத மனைவி. அறிக்கையில் அவர்களுக்குப் பெயர்கூட இருக்காது. “சப்ஜெக்ட் காலை 8.40-க்கு வீட்டைவிட்டு வெளியேறினார்” என்று தொடங்கும்.

இனி, சட்டப்படி குற்றமாகிற பகுதிக்கு வரலாம். வாடிக்கையாளர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “போன் டீடெயில்ஸ் எடுத்துக் குடுத்துடுவீங்களா?”

யார் யாரோடு எத்தனை நிமிடம் பேசினார்கள் என்ற அழைப்புப் பட்டியலைச் சட்டப்படி வாங்க, போலீஸ் போல சட்டப்படி அதிகாரமுள்ள விசாரணை அமைப்பு எழுத்து மூலம் கேட்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. மூன்றாவது வழி இருப்பதாக ஓர் ஏஜென்சி சொன்னால், அது யாரோ ஒரு காவலருக்கோ போன் கம்பெனி ஊழியருக்கோ கொடுக்கும் கையூட்டைத்தான் சொல்கிறது. 2013-இல் டெல்லியில் அது அம்பலமானது. அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜெட்லியின் அழைப்புப் பட்டியலையே எடுக்க முயன்றதாக ஒரு போலீஸ் கான்ஸ்டபிளும் தனியார் துப்பறிவாளர்களும் கைதானார்கள். ஜெட்லிக்கே அந்தக் கதி என்றால் திண்டுக்கல் ஆர்.எம். காலனிக்காரர் எம்மாத்திரம்? 2018-இல் மகாராஷ்டிரத்தின் தாணே போலீஸ் அழைப்புப் பட்டியல் விற்ற கும்பலைப் பிடித்தபோது, வரிசையாகத் துப்பறிவாளர்கள் உள்ளே போனார்கள்.

இப்போது தண்டனையும் கடுமை. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், 42-ஆம் பிரிவு: தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தரவை அனுமதியின்றி எடுத்தாலோ, எடுக்க முயன்றாலோ மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “நேரடியாகவோ மறைமுகமாகவோ” என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆளை ஏவி எடுக்கச் சொன்னவரும் அந்த வலையில் விழ வழி இருக்கிறது. மனைவி போனில் அவளுக்குத் தெரியாமல் உளவுச் செயலியை ஏற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் வரும்; மூன்றாண்டு வரை சிறை. ஒரு பெண் இணையத்தையும் மின்னஞ்சலையும் எப்படிப் பயன்படுத்துகிறாள் என்று ஓர் ஆண் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றம். குற்றத்தைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் அரசு பொறுப்பு கொடுத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. ஏஜென்சிக்காரருக்கு அரசு எந்தப் பொறுப்பையும் கொடுக்கவில்லை.

ஊரில் சாவி போடுகிறவர்களைப் பார்த்தால் இதில் பாதி புரிந்துவிடும். வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது, வந்து திறந்து கொடுங்கள் என்று கூப்பிட்டால், விவரமான ஆள் உடனே கம்பியை நுழைக்கமாட்டார். எதிர் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்ப்பார். “இவங்க வீடுதானுங்களே?” என்று கேட்டு, ஆமாம் என்ற தலையசைப்பு வந்த பிறகுதான் திண்ணையில் உட்கார்ந்து பையைப் பிரிப்பார். அந்த ஒரு கேள்விக்குச் சட்டமோ உரிமமோ காரணமில்லை. பூட்டுத் தொழில் ஊறிய ஊரின் நிதானம். அடுத்தவர் போனைத் திறந்து தருகிறேன் என்பவர், இது யாருடைய போன் என்று கேட்பதே இல்லை.

சரி, எப்படியோ எடுத்த பட்டியலை வைத்து என்ன செய்வது? விவாகரத்து வழக்கில் போடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இங்கே திண்டுக்கல்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தீர்ப்பு பக்கத்திலேயே, மதுரையில் வந்தது. பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் ஒரு கணவர், மனைவிக்குத் தெரியாமல் பெற்ற அவருடைய அழைப்பு விவரங்களைச் சாட்சியமாகப் போட்டார். மனைவி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தார். 2024 அக்டோபர் 30 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்தச் சாட்சியத்தை ஏற்க மறுத்தார். கல்யாணமானதால் மனைவியின் அந்தரங்கம் கணவருக்குச் சொந்தமாகிவிடாது, ஒருவரையொருவர் நம்புவதுதான் தாம்பத்தியத்தின் அடித்தளம் என்பது தீர்ப்பின் சாரம்.

அடுத்த வருடமே காற்று கொஞ்சம் திசை மாறியது. 2025 ஜூலை 14 அன்று, விபோர் கர்க் வழக்கில், மனைவியோடு தான் பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தால் அதை விவாகரத்து வழக்கில் சாட்சியமாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டது என்றால் அந்தக் கல்யாணம் முன்பே உடைந்துவிட்டது என்று நீதிபதிகள் பி.வி. நாகரத்னாவும் சதீஷ் சந்திர சர்மாவும் கருதினார்கள். இந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி, “இப்ப எல்லாமே லீகல் சார்” என்று வியாபாரம் பேசுகிற ஏஜென்சியை நம்பினால் மோசம்தான். அந்த வழக்கில் இருந்தது, தானே கலந்துகொண்ட உரையாடலின் பதிவு. போன் கம்பெனியிலிருந்து திருடிய பட்டியல் அல்ல. ஒரு சாட்சியத்தை நீதிமன்றம் பார்ப்பது வேறு, அதைத் திருடிக் கொண்டுவந்தவர் மீது வழக்குப் போடுவது வேறு. இரண்டும் ஒரே நாளில்கூட நடக்கலாம்.

அதோடு, டிஜிட்டல் சாட்சியத்துக்குச் சடங்கு அதிகம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, எந்தக் கருவியில் எடுத்தது, யார் பொறுப்பில் இருந்தது என்று சான்றிதழ் வேண்டும். அதில் நிபுணர் கையெழுத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. படத்தை எடுத்தவர் கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த படத்தை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான் வழக்கமாக நடக்கும் காட்சி.

திறந்த வழி இருக்கும்போதே திருட்டு வழிக்குக் காசு கொடுக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. புருஷனின் உண்மையான வருமானத்தைக் கண்டுபிடிக்க டிடெக்டிவைத் தேடும் பெண்ணுக்கு, 2020 நவம்பர் 4 அன்று வந்த ரஜ்னேஷ் தீர்ப்பைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதில் உத்தரவிட்டது. வங்கிக் கணக்கையோ ஓட்டல் பதிவேட்டையோ வரவழைக்க வேண்டுமானால் நீதிமன்றத்திடம் மனுப் போடலாம். மெதுவாக நடக்கும், உண்மை. ஆனால் அப்படி வருகிற காகிதத்துக்கு மதிப்பு உண்டு.

எல்லாவற்றையும்விட நெஞ்சு பதறுகிற வேலை ஒன்று இருக்கிறது. ஆளைக் கண்டுபிடிப்பது. “எம் பொண்ணைக் காணோம், எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க” என்று ஒரு தகப்பன் வருகிறார். மகளுக்கு இருபத்திரண்டு வயது. காணாமல் போகவில்லை, வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். திண்டுக்கல் மாவட்டத்தில் இதைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. பழனிப் பெண்ணை மணந்த தலித் இளைஞர் சங்கர், 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதைத் தமிழ்நாடே கேமராப் பதிவில் பார்த்தது. அதில் எந்த டிடெக்டிவும் இல்லை. ஆனால் ஒரு ஜோடி எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கும் என்ற தகவலுக்கு என்ன விலை என்று அந்தப் பதிவு காட்டிவிட்டது. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லங்கள் அமைக்க மாநில அரசுகள் பரிசீலிக்க வேண்டும் என்றது. ஒரு பக்கம் அரசு அவர்களை மறைத்து வைக்க வேண்டும். இன்னொரு பக்கம் எந்த உரிமமும் இல்லாத ஒருவர் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து விலாசத்தை விற்கலாம். விற்றவரைக் கேட்க ஆளில்லை. வயது வந்தவர் தன் இருப்பிடத்தைச் சொல்ல விரும்பவில்லை என்றால், துப்பறிவாளர் “உயிரோடு நலமாக இருக்கிறார்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. வேறு எதற்கும் சட்டம் வராவிட்டாலும் இதற்காவது வர வேண்டும்.

கல்யாண விசாரணையிலும் சாதி ஒளிந்துகொண்டுதான் இருக்கிறது. குணம், குடி, கடன் என்று பட்டியல் போட்டாலும், “முன்னாடி யாரையாவது லவ் பண்ணிச்சா, அவன் என்ன ஆளுங்க?” என்ற கேள்வி எங்கோ ஒரு வரியில் வந்துவிடும். அதற்கு ஏஜென்சி எழுதித் தருகிற பதிலை, பெயர் கெட்ட பெண் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. மறுக்கவும் முடியாது. சம்பந்தம் ஏன் நின்றது என்றே அந்த வீட்டுக்குத் தெரியாது. “ஜாதகம் சரியா அமையலைங்க” என்று போன் வரும்.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: மொட்டைக் கடுதாசி. அந்தக் காலத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சான பிறகு, கையெழுத்தில்லாமல் ஓர் இன்லண்ட் லெட்டர் மாப்பிள்ளை வீட்டுக்கு வரும். எழுதியது பங்காளியா, பொறாமைக்காரரா, உண்மையிலேயே நல்லது நினைத்தவரா என்று தெரியாது. ஏஜென்சி அறிக்கை அதைவிடப் பார்க்க நன்றாக இருக்கும். ஸ்பைரல் பைண்டிங், தேதியும் நேரமும் பதிந்த வண்ணப் படங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், வாடிக்கையாளரின் தகவலுக்கு மட்டுமே, நீதிமன்றத்தில் பயன்படுத்த அல்ல என்பது போல ஒரு வரி இருந்தால் கதை முடிந்தது. பழைய கடுதாசிக்குத் தபால் தலை ஒட்டினார்கள், புதியதற்கு ஜிஎஸ்டி பில் போடுகிறார்கள். பில்லாவது கிடைத்தால் நல்லது. கையில் ரொக்கம் வாங்கிக்கொண்டு போகிறவர்களே அதிகம் புலம்பல் கிளப்புகிறார்கள்.

அந்தப் புலம்பலும் வெளியில் வராது. முன்பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; 2019-ஆம் ஆண்டின் சட்டம் இதையும் சேவை என்றே பார்க்கும். யார் போவார்? மருமகளைப் பின்தொடர ஆள் வைத்தேன், அவன் சரியாகப் பின்தொடரவில்லை என்று புகார் மனுவில் எழுத முடியுமா? எழுதினால் ஊர் முழுக்கத் தெரியும். சில நேரம் அந்த ஏஜென்சியே, “நீங்க எங்களை வெச்சதை அவங்களுக்குச் சொல்லட்டுமா?” என்று திருப்பிக் கேட்கும். வேவு பார்க்கக் கூலி கொடுத்தவரின் ரகசியமும் இப்போது அவர்கள் கையில்.

வள்ளுவர் ஒற்றாடல் என்று தனி அதிகாரமே வைத்தார், 59-ஆவது. அங்கே ஒற்றரை ஆள்வது அரசன். ஒற்றர் செயலுக்கு அவன் பொறுப்பு. ஓர் ஒற்றர் கொண்டுவந்த சேதியை இன்னொரு ஒற்றரை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார். இன்றைய வாடிக்கையாளரோ ஒரே ஏஜென்சி, ஒரே அறிக்கை, அதுவும் பாதி இஸ்திரிக்காரரின் இழுப்பிலிருந்து தேறியது என்று தெரியாமல், அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்.

உண்மையில் கல்யாணத்துக்கு முன் தெரிய வேண்டியவற்றில் பாதிக்கு மேல் மேசையில் உட்கார்ந்தபடி தெரிந்துகொள்ளலாம். நத்தம் ரோட்டில் மூன்று ஏக்கர் தோப்பு இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், சர்வே எண்ணை வாங்கிப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம், காசு கிடையாது. பட்டா யார் பெயரில் என்று வருவாய்த் துறைத் தளத்தில் தெரியும். வழக்கு இருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தையும் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடலாம். டாக்டர் என்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். சொந்தக் கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் இயக்குநர் யார் என்று இருக்கும். ஜிஎஸ்டி எண்ணைத் தட்டினால் அது உயிரோடு இருக்கிறதா, ரத்தானதா என்று காட்டிவிடும். பட்டச் சான்றிதழ் மெய்யா என்று பல்கலைக்கழகமே கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லும். மகனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிறேன் என்கிற ஏஜென்ட், இ-மைக்ரேட் தளத்தின் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஏற்கெனவே விவாகரத்தானவர் என்றால் தீர்ப்பு நகலைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மீதிப் பாதி, அதாவது குடி, கோபம், குணம், இவற்றுக்கு ஆள் வேண்டும்தான். அந்த ஆள் யார் என்று அரசு எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவே கோரிக்கை. சிங்கப்பூரில் காவல் துறையின் உரிமம் இல்லாமல் தனியார் துப்பறிவாளராக முடியாது. கலிபோர்னியாவில் பொதுவாக ஆறாயிரம் மணி நேர அனுபவத்தைக் காட்டினால்தான் தேர்வே எழுதலாம். பிரிட்டன் நம்மைப் போல. 2001-இல் சட்டம் போட்டும் துப்பறிவாளர்களுக்கு உரிம முறையை நடைமுறைக்குக் கொண்டுவராமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாடு டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பொது ஒழுங்கும் போலீஸும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. வாட்ச்மேன் நிறுவனங்களுக்கு உரிமம் தர ஏற்கெனவே ஓர் அதிகாரியும் அலுவலகமும் இருக்கின்றன. அதே மேசையில் இன்னொரு ஃபைலைத் திறந்தால் போதும். உரிம எண் அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும். விசாரித்தவர் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். யாரைப் பற்றி எழுதினாரோ அவர் நீதிமன்றம் மூலம் கேட்டால் நகல் கொடுக்கட்டும்.

அதுவரை, திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ ஏஜென்சிக்குப் போன் போடுகிறவர்கள் முன்பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். “நாளைக்கு கேஸுன்னு வந்தா, இந்த ரிப்போர்ட்டை எழுதுனவர் திண்டுக்கல் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லுவாரா?” சரி என்று சொல்லி, அதை எழுதியும் தருகிற ஏஜென்சிகள் இருக்கின்றன, அவர்களோடு மேற்கொண்டு பேசலாம். மற்ற இடங்களில் ஒரு நொடி மௌனம் இருக்கும், பின்னணியில் ஃபேன் சத்தம் கேட்கும்.

“கோர்ட்டுக்கெல்லாம் எங்க ஆளுங்க வரமாட்டாங்க சார். உங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான? ஜிபே பண்ணிடுங்க.”